கோவிந்தசாமி வந்துட்டாரா?

நடுவர் அவர்களே, எதிரணியினரே, சுண்டல் வாங்காமல் எழுந்திருப்பதில்லை என்று உறுதியோடு உட்கார்ந்திருக்கும் ஊர்ப் பெரியோர்களே, வணக்கம்.

'புதிதாகக் கட்டிவிடும் சொற்கள் தமிழுக்கு உரமா, களையா?' நான் உரம் அணி. எனக்கு முன்னால் பேசிய பேராசிரியர் ஐயா, "உரம் என்றாலே நாறத்தான் செய்யும்" என்றார். கை தட்டினீர்கள். சரி, அதோடு விட்டாரா? எங்கள் மூன்று பேரையும் பார்த்துக் கையை நீட்டி, "இந்தப் பன்னாடைகளுக்குத் தமிழைப் பற்றி என்ன தெரியும்?" என்றார். அதற்கும் தட்டினீர்கள். முதல் வரிசையில் என் வீட்டுக்காரம்மா கொஞ்சம் கூடுதலாகவே தட்டினார்கள்.

'கடிசொல் இல்லைக் காலத்துப் படினே' என்று தொல்காப்பியத்தில் ஆரம்பித்து ஐந்து பக்கம் எழுதி வந்தேன். காலத்தோடு ஒட்டி வரும் எந்தச் சொல்லையும் தள்ளாதே என்று தொல்காப்பியரே சொல்லிவிட்டார். ஐந்து பக்கத்திலும் அதுதான் இருக்கிறது, மடித்துப் பையில் வைத்துவிட்டேன். இந்தப் பன்னாடையை ஒரு கை பார்க்காமல் நகர மாட்டேன்.

தென்னை, பனை மரத்தில் மட்டையின் அடியில் வலை மாதிரி சுற்றிக்கொண்டிருக்குமே, அதுதான் பன்னாடை. அந்தக் காலத்து வடிகட்டி. நெய்யோ கள்ளோ ஊற்றினால் நல்லது கீழே ஒழுகிப் போகும், கசடும் செத்த பூச்சியும் மேலே தங்கும். நன்னூலில் பவணந்தி முனிவர் கடைமாணாக்கருக்கு உவமை சொல்கிறார்: இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி. அந்த நெய்யரிதான் இந்தப் பன்னாடை. நல்லதை விட்டுவிட்டு வேண்டாததைப் பிடித்துக்கொள்கிற பையன்.

ஆக, மரத்தில் சிவனே என்று கிடந்த ஒரு பொருளை இறக்கி, மனிதன் தலையில் கட்டி, ஒரு வசவாக்கிவிட்டார்கள். ஐயா, இதற்குப் பெயர்தான் புதுச் சொல் கட்டுவது! எங்களைத் திட்டுவதற்குக்கூட உங்களுக்கு எங்கள் தோட்டத்துச் செடிதான் தேவைப்பட்டிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் இவரிடம் மூன்று வருடம் தமிழ் படித்தவன். நான் பன்னாடை என்றே வைத்துக்கொள்வோம். பன்னாடையில் கசடு தங்கியிருந்தால், யாரைக் கேட்க வேண்டும்? ஊற்றியவரைத்தானே!

(உட்காருங்கள் ஐயா, தண்ணீர் குடியுங்கள்.)

இவர் மெட்ராஸ் பாஷையையும் விடவில்லை. 'கஸ்மாலம்' என்பது காது கூசும் வார்த்தையாம். கீதை இரண்டாம் அத்தியாயத்தைப் புரட்டிப் பாருங்கள். சோர்ந்து உட்கார்ந்த அர்ஜுனனிடம் கண்ணன், இந்த நேரத்தில் உனக்கு எங்கிருந்து வந்தது இந்தக் 'கச்மலம்' என்று கேட்கிறான். அந்தச் சொல்தான் வண்ணாரப்பேட்டை வரைக்கும் நடந்து வந்திருக்கிறது. கண்ணன் சொன்னால் கீதை, ரிக்‌ஷாக்காரர் சொன்னால் கொச்சையா? இரண்டு பேரும் வண்டி ஓட்டினவர்கள்தானே!

ஒரு கூட்டம் தனக்குள் சொல் கட்டிக்கொள்வதற்கு நம் இலக்கணத்தில் தனி இடமே உண்டு, குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார்களாம். அப்புறம், வேடர்கள் கள்ளுக்கு ஒரு பேர் வைத்திருக்கிறார்கள், 'சொல்விளம்பி'. உள்ளே போனதும் உள்ளே இருக்கிற சொல்லெல்லாம் வெளியே வந்துவிடும்! இன்றைக்கு எந்தப் பையனாவது இதைவிட நல்லதாக ஒன்று கட்டட்டும், நான் அணி மாறுகிறேன்.

எங்கள் வீட்டிலும் ஒரு குழூஉக்குறி இருந்தது. பணமோ பொருளோ போய்விட்டால் 'கோவிந்தா' என்கிறோம் இல்லையா? எங்கள் அம்மா அதற்கு ஒரு சாமியைச் சேர்த்துக்கொண்டாள். நாங்கள் ஐந்து பிள்ளைகள். விருந்தாளி பந்தியில் இருக்கும்போது குண்டானில் கரண்டி தட்டும் சத்தம் வந்தால், அடுப்படியிலிருந்து குரல் வரும்: "ஏங்க, கோவிந்தசாமி வந்துட்டாரா?" சோறு தீர்ந்தது, வீட்டு ஆட்கள் கையைக் கழுவுங்கள் என்று அர்த்தம். "தம்பியும் கூட வந்திருக்காரா?" என்றால் ரசமும் காலி. "குடும்பத்தோட வந்துட்டாரு" என்றால், மோர்கூடக் கிடையாது.

ஒருநாள் மன்னார்குடிப் பெரியப்பா வந்தார். மூன்றாவது முறை சோறு கேட்டார். உள்ளிருந்து, "ஏங்க, கோவிந்தசாமி வந்துட்டாரா?" நாங்கள் ஐவரும் பட்டென்று எழுந்துவிட்டோம். பெரியப்பா நிமிர்ந்தார். "யாருடா அது? கூத்தாநல்லூர் கோவிந்தசாமியா? அந்தப் பய எனக்கு முந்நூறு ரூபாய் தரணும்டா தம்பி! வரட்டும், பார்த்துட்டே போறேன்."

உட்கார்ந்துவிட்டார்! திண்ணையில், துண்டை விரித்து. மூன்று மணிக்கு, "வந்தானா?" ஐந்து மணிக்கு, "வந்தானா?" அப்பாவால் உண்மையைச் சொல்லவும் முடியவில்லை. "வர நேரந்தான் அண்ணே" என்றார். ராத்திரி ஆகிவிட்டது. விருந்தாளியைப் பட்டினி போட முடியுமா? பக்கத்து வீட்டில் அரிசி கடன் வாங்கி அம்மா திரும்ப உலை வைத்தாள். பெரியப்பா திரும்ப உட்கார்ந்தார். திரும்பக் கரண்டிச் சத்தம். அம்மா பழக்க தோஷத்தில், "ஏங்க, கோவிந்தசாமி..."

முடிக்கவில்லை! பெரியப்பா எச்சில் கையோடு வாசலுக்கு ஓடினார். "எங்கடா அவன்? எந்தப் பக்கம் போனான்?" பின்னாலேயே அப்பா டார்ச் லைட்டோடு ஓடினார். நன்றாக யோசித்துப் பாருங்கள், வராத ஆளை, இல்லாத ஆளை, அவன் இல்லை என்று தெரிந்த எங்கள் அப்பா, தெருத் தெருவாக டார்ச் அடித்துத் தேடுகிறார்! அரை மணி நேரம் கழித்து வந்து பெரியப்பா சொன்னார்: "தப்பிச்சுட்டாண்டா."

நடுவர் முதல் மணி அடித்துவிட்டார். இதோ முடிக்கிறேன்.

அரை வயிற்றோடு எழுந்துபோய்க் கொல்லைப்புறத்தில் சிரித்த பிள்ளைகள் நாங்கள். அந்தப் பெயர் இல்லாவிட்டால் அங்கே நின்று அழுதிருப்போம். எனக்கு ஒரு விஷயம் புரிய நாற்பது வயது ஆனது. அம்மா தன் தட்டுக்கு முன்னால் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. அவள் சாப்பிட உட்காரும்போது கோவிந்தசாமி வந்து வெகுநேரம் ஆகியிருக்கும்.

போன வருடம் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தாள். எங்கள் ஐந்து பேருடைய பெயரும் மறந்துபோயிருந்தது. நான் கஞ்சி ஊட்டினேன். மூன்று கரண்டி குடித்தாள். அப்புறம் கிண்ணத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். மெதுவாக, "கோவிந்தசாமி வந்துட்டாரா?" என்று கேட்டாள்.

பேராசிரியர் ஐயா, நீங்கள் என் ஆசிரியர், அகராதி எல்லாம் உங்களுக்குத் தலைகீழ்ப் பாடம். என்னைப் பெற்றவளுக்கு என் பெயர் போய்விட்டது. அவள் கட்டிய அந்தச் சொல் மட்டும் போகவில்லை.

"இல்லம்மா, அவர் ஊரை விட்டே போயிட்டாரு. நீ குடி" என்றேன்.

நாலாவது கரண்டிக்கு வாயைத் திறந்தாள்.

மணி அடித்துவிட்டது. வணக்கம்.