கோன் செல் உப்புறதுக்கு முன்னாடி சுருங்குது!

மக்களே, வணக்கம். அனிமேஷன்னா ஃப்ரேம் ஃப்ரேமா நிறுத்திக் குறை சொல்ற ஆளுன்னு தெரிஞ்சேதானே அந்த கோன் செல் அனிமேஷனை எனக்கு அனுப்புனீங்க? கோன் செல்னா விழித்திரையில நிறம் பார்க்க உதவுற செல். வெளிச்சம் பட்டதும் கோன் செல் உப்புதாம், அவ்ளோதானாம். முதல் பாதியைக் காணோம்!

உப்புறது ரெண்டாவதுதான். ஃபிளாஷ் அடிச்ச 5 மில்லிசெகண்டுக்குள்ள கோனோட வெளிப்பகுதி, அதாவது ஒளியை வாங்குற முனை, சில பத்து நானோமீட்டர் சுருங்கும். 2020-ல வாஷிங்டன் பல்கலைக்கழகத்துல விமல் பிரபு பாண்டியன், ராம்குமார் சபேசன் குழு உயிருள்ள மனுஷக் கண்ணுலயே இதை அளந்துட்டாங்க. வெளிப்பகுதி முழுக்க சவ்வு மடிப்பு, நூத்துக்கணக்குல. அந்த சவ்வுல இருக்கற ஆப்சின்ங்கற புரதம் ஒளியை வாங்குனதும் சவ்வுல மின்னூட்டம் இடம் மாறுது. அந்த மின்னூட்டங்கள் ஒண்ணையொண்ணு தள்ள, மடிப்பு அகலத்துல விரிஞ்சு தடிமன்ல மெலியுது. இது அவங்க தர்ற விளக்கம். எனக்கு ரொம்பப் பிடிச்சது.

அப்புறம்தான் நிதானமா நீளும், சில நூறு நானோமீட்டர். தண்ணி உள்ள போறதாலங்கறாங்க.

இப்ப என் பரம எதிரி, ஃபேஸ்: திரும்பி வர்ற ஒளி அலை தன் சுத்துல எந்த இடத்துல நிக்குதுங்கறது. ஓசிடி வீடியோவுல சொன்னேன்ல, அதேதான்: ஓசிடின்னா திரும்பி வர்ற ஒளியை வச்சு கண்ணுக்குள்ள படம் எடுக்கற முறை, அதுல ஃபேஸ் எவ்வளவு மாறுதுன்னு பார்த்துத்தான் கோனோட நீளம் மாறுறதை அளக்கறாங்க. அளக்கற ஒளி 840 நானோமீட்டர், ஒளிவிலகல் எண் சுமார் 1.4. ஒளி போயிட்டுத் திரும்புதே, அதனால 840-ஐ 2.8-ஆல வகுங்க: 300. நீளம் 300 நானோமீட்டர் மாறுனா ஃபேஸ் ஒரு முழுச்சுத்து சுத்தி பழைய இடத்துலயே வந்து நிக்கும். அடுத்தடுத்த ரெண்டு ஃப்ரேமுக்கு நடுவுல 150-க்கு மேல தாவுச்சுன்னா நீண்டுச்சா சுருங்குச்சான்னே சொல்ல முடியாது. ஃப்ரேம் வேகம் குறைஞ்சா அந்த 5 மில்லிசெகண்ட் சுருக்கம் பதிவே ஆகாது, வெறும் உப்பல்தான் மிஞ்சும். அனிமேஷன் இப்படி வர்றதுல ஆச்சரியம் என்ன?

கண்ணு வேற சும்மா இருக்காது. அதனால ஒரே பரப்பை நம்பாதீங்க. உள்பகுதி வெளிப்பகுதியோட சேர்ற இடம், வெளிப்பகுதி நுனி, ரெண்டோட ஃபேஸையும் கழிச்சுப் பாருங்க. கண்ணோட ஆட்டம் பெரும்பாலும் அதுல அடிபட்டுடும்.

அய்யோ, முக்கியமானது விட்டுப்போச்சு! 840 ஏன்னா அது அகச்சிவப்பு, கோன்ல ஒளியை வாங்குற நிறமியை அவ்வளவா தொடாது. பச்சை ஒளியால அளந்தா அளக்கற ஒளியே தூண்டுதலாயிடும். ஃபிளாஷுக்கு முன்னாடி சில நிமிஷம் இருட்டும் வேணும், இல்லன்னா நிறமி ஏற்கெனவே வெளுத்திருக்கும்.

இதுல செம்ம விஷயம் இதுதான்: 660 நானோமீட்டர் சிவப்பு ஃபிளாஷ் அடிங்க. எல் கோன் (நீண்ட அலைநீளத்துக்கானது) நல்லா நீளும், எம் கோன் (நடுத்தர அலைநீளம்) கம்மியா, எஸ் கோன் (குறுகிய அலைநீளம்) அசையவே அசையாது. எந்த செல் எந்த வகைன்னு ஒவ்வொண்ணா பிரிச்சுடலாம், ஊசி கிடையாது, சாயம் கிடையாது!