ஏட்டில் இல்லாத சுரைக்காய்

(கல்லூரி என்.சி.சி. மாணவிகளிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம். முன்வரிசையில் முதுகு வளையாமல் உட்கார்ந்திருக்கும் என்.சி.சி. மாணவிகளுக்குத் தனி வணக்கம். கொஞ்சம் சாய்ந்து உட்காருங்கள், இங்கே யாரும் மதிப்பெண் போடவில்லை.

மதிப்பெண் போடுவதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சே. 'ராணுவத்தில் பெண் தலைமை' என்று தலைப்புக் கொடுத்தால் வழக்கமாக ஜான்சி ராணியில் தொடங்கி, நேதாஜி படையின் கேப்டன் லட்சுமி வழியாக வந்து, கைதட்டலோடு முடிப்பார்கள். அவர்கள் பெருமைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் இன்றைய ராணுவத்தில் ஒரு பெண் எப்படிக் கர்னல் ஆகிறார், ஏன் இத்தனை காலம் ஆகவில்லை என்ற கேள்விக்கு அதில் பதில் கிடைக்காது. பதில் ஒரு தாளில் இருக்கிறது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ராணுவத்தில் தலைகீழ்: ஏட்டில் இல்லாத சுரைக்காய்தான் கறிக்கு உதவாது.

முதலில் தோள்பட்டையைப் பார்ப்போம். பயிற்சி முடித்து லெப்டினன்டாக வரும்போது இரண்டு நட்சத்திரம். 2 வருடத்தில் கேப்டன், மூன்று நட்சத்திரம். 6 வருடத்தில் மேஜர். நட்சத்திரங்கள் போய் அசோகச் சின்னம் வரும். 13 வருடத்தில் லெப்டினன்ட் கர்னல், சின்னத்தோடு ஒரு நட்சத்திரம். அதுவரை துறைத் தேர்வுகளில் தேறி, ஒழுங்கு நடவடிக்கை எதிலும் சிக்காமல் இருந்தால் காலமே உங்களை மேலே தூக்கிவிடும். கர்னல் அப்படியல்ல. அதற்குத் தேர்வு வாரியம் உண்டு. வாரியம் யாரையும் கூப்பிட்டு வைத்துப் பேசுவதில்லை, கோப்பைத்தான் பார்க்கும். தேர்வானால் காலரில் சிவப்புப் பட்டை ஏறும், ஒரு யூனிட் கைக்கு வரும். தேர்வாகாதவர் 26 வருடம் முடித்தால் கால அடிப்படையில் கர்னல் ஆகலாம். பட்டை அதேதான், ஆனால் யூனிட் கைக்கு வருவது அரிது.

இப்போது ஒரு வேடிக்கை. 1976இலேயே ராணுவச் செவிலியர் பணியில் ஜி. ஏ. ராம் மேஜர் ஜெனரல் ஆகிவிட்டார். 2004இல் மருத்துவர் புனீதா அரோரா லெப்டினன்ட் ஜெனரல். 2024இல் சாதனா சக்சேனா நாயர் தரைப்படை மருத்துவச் சேவை முழுவதற்கும் தலைமை இயக்குநர். மருத்துவப் பிரிவில் பெண்களுக்கு நிரந்தர கமிஷன், அதாவது ஓய்வு வயது வரை அதிகாரியாகத் தொடரும் உரிமை, எப்போதோ இருந்தது; கோப்பு தொடர்ந்து வளர்ந்தது; உயரத்துக்குப் போனார்கள். அதே ராணுவத்தின் சிக்னல்ஸ் (தகவல் தொடர்பு), இன்ஜினியர்ஸ், இ.எம்.இ. (வண்டி, கருவிப் பழுதுபார்ப்பு) பிரிவுகளில் முதல் பெண் கர்னல்கள் 2021 ஆகஸ்டில்தான் வந்தார்கள், அதுவும் 26 வருடக் கணக்கில். அந்தப் பெண்களிடம் இல்லாத எந்தத் திறமை மருத்துவப் பிரிவுப் பெண்களிடம் இருந்தது? வித்தியாசம் ஏட்டில்தான்.

அந்த ஏடு தொடங்கிய இடம் நமக்குப் பக்கம்தான். 1950ஆம் வருட ராணுவச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, மத்திய அரசு அறிவிக்கை மூலம் எந்தப் பிரிவுகளைத் திறக்கிறதோ அங்கே மட்டும்தான் பெண்கள் சேரலாம். 1992 ஜனவரியில் அப்படி ஓர் அறிவிக்கை வந்தது. 25 பெண்கள் சென்னை பரங்கிமலையில் அதிகாரிகள் பயிற்சிக் கழகமான ஓ.டி.ஏ.வில் பயிற்சி முடித்து 1993 மார்ச்சில் அதிகாரிகளானார்கள். பணிக்காலம் 5 வருடம்தான். பிறகு 10, பிறகு 14 என்று இழுத்தார்கள். ஓய்வூதியத்துக்கு 20 வருடம் வேண்டும். 14 வருடம் முடிந்து நாற்பதை நெருங்கும் வயதில், ஓய்வூதியம் இல்லாமல் வெளியே வரவேண்டும். இந்தக் கணக்கு நியாயமா என்று கேட்கத்தான் பெண் அதிகாரிகள் நீதிமன்றம் போனார்கள். டெல்லி உயர் நீதிமன்றம் 2010இல் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அரசு மேல்முறையீடு செய்தது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2020 பிப்ரவரி 17இல் வந்தது. இடையில் பத்து வருடம், ஒருவருடைய பணிக்காலத்தில் பாதி.

அந்த வழக்கில் அரசுத் தரப்பு எழுதிக் கொடுத்த காரணங்களில் ஒன்று: சிப்பாய்கள் பெரும்பாலும் கிராமத்திலிருந்து வருகிறவர்கள், பெண்ணின் கட்டளைக்குக் கீழ்ப்படிய அவர்கள் மனம் இன்னும் பழகவில்லை. கிராமத்து ஆண்களை இதைவிட மட்டமாக யாரும் எடை போட்டதில்லை. 2016இல் புனேவில் 18 நாடுகள் கலந்துகொண்ட கூட்டுப் பயிற்சியில் 40 பேர் கொண்ட இந்திய அணியை சிக்னல்ஸ் பிரிவின் சோபியா குரேஷி நடத்தினார்; அத்தனை நாட்டு அணிகளில் பெண் தலைவர் அவர் ஒருவர்தான். தீர்ப்பில் அவருடைய பெயர் இருக்கிறது. 2025 மே மாதம் ஆபரேஷன் சிந்தூர் செய்தியாளர் சந்திப்பில் நீங்கள் தொலைக்காட்சியில் பார்த்த அதே கர்னல்தான்.

தீர்ப்பின் இன்னொரு பகுதிதான் தலைமைக்கு முக்கியம். 2019இல் அரசு நிரந்தர கமிஷன் தர முன்வந்தது, ஆனால் 'ஸ்டாஃப்' பதவிகளுக்கு மட்டும் என்றது. ஸ்டாஃப் என்றால் தலைமையகத்தில் திட்டம், நிர்வாகம், ஆலோசனை. 'கமாண்ட்' என்றால் யூனிட்டை நடத்துவது. கமாண்ட் செய்யாதவருக்கு அதற்கு மேல் ஏணியே கிடையாது. பெண் என்பதற்காக ஒட்டுமொத்தமாகக் கட்டளைப் பொறுப்புக்குப் பரிசீலிக்கவே மாட்டோம் என்பது செல்லாது என்று நீதிமன்றம் அடித்துவிட்டது.

எல்லோரும் இனிப்புக் கொடுத்தார்கள். பிறகுதான் தாளின் வேலை தெரிந்தது.

2020 செப்டம்பரில் சிறப்பு வாரியம் கூடி 615 பெண் அதிகாரிகளின் கோப்புகளைப் பார்த்தது. பலர் விழுந்தார்கள். ஏன் என்று புரிய வேண்டுமானால் மேலதிகாரிகள் வருடாவருடம் எழுதும் ரகசிய அறிக்கையை, எல்லோரும் சொல்கிற மாதிரி ஏ.சி.ஆரை, கிட்டே வைத்துப் பார்க்க வேண்டும். மூன்று பேர் எழுதுவார்கள்: நேர் மேலதிகாரி, அவருக்கு மேல் ஒருவர், அதற்கும் மேல் ஒருவர். ஒவ்வொரு குணத்துக்கும் 9க்கு எத்தனை என்று எண். 9 அபூர்வம், 8ம் 7ம் நல்லவை. கீழே சில வரிகளில் ஆளைப் பற்றிய சித்திரம். எழுதுகிறவர் மனிதர்தானே? அவருக்குக் கீழே நான்கு இளம் அதிகாரிகள். மூன்று ஆண்கள் நிரந்தர கமிஷனுக்கு வரிசையில் நிற்கிறார்கள், ஒரு புள்ளி குறைந்தால் வாழ்க்கை போய்விடும். நான்காவது ஒரு பெண். அவருக்கு நிரந்தர கமிஷன் விதியிலேயே இல்லை. எட்டு யாருக்குப் போகும்? வஞ்சகம் எதுவும் வேண்டியதில்லை, அலட்சியமே போதும். பயிற்சி வகுப்புகளுக்கு அனுப்புவதிலும் அதே கதைதான்: 'போகப்போகிறவருக்கு எதற்கு?' இப்படி எதிர்காலம் இல்லை என்ற நினைப்பில் எழுதப்பட்ட தாளை வைத்தே, பிற்பாடு எதிர்காலத்தை முடிவு செய்தார்கள்.

அதோடு நிற்கவில்லை. ஆண்களை நிரந்தர கமிஷனுக்குப் பரிசீலிக்கிற 5ஆம் அல்லது 10ஆம் வருடம் வரையிலான அறிக்கைகளைத்தான் எடுத்தார்கள். 20 வருடம் பணியாற்றியவர் பிற்பாதியில் வாங்கிய விருதும் பாராட்டும் கணக்கில் வரவில்லை. 60 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. ஆனால் அதற்கு மேலே, அந்தந்த வருடத்தில் நிரந்தர கமிஷன் பெற்ற கடைசி ஆண் அதிகாரியின் மதிப்பெண்ணையும் தாண்ட வேண்டும் என்றார்கள். அந்த ஒப்பீடு 1991இல் வந்த விதி. வருடத்துக்கு 250 இடம் என்ற உச்சவரம்பைத் தாண்டி ஆள் இருந்தால் வடிகட்டுவதற்காக வைத்தது. அந்த 250 நிரம்பாத வருடங்களுக்கும் அதே வடிகட்டி எதற்கு என்று நீதிமன்றம் கேட்டது.

உடல் தகுதிதான் உச்சம். ராணுவத்தில் உடல்நிலையை 'ஷேப்' என்று ஐந்தாகப் பிரிப்பார்கள்: மனநிலை, காது, கை கால், பொதுவான உடல் திறன், கண். எல்லாவற்றிலும் 1 வாங்கினால் ஷேப்-1. ஆண் அதிகாரிக்கு இதை 5ஆம் அல்லது 10ஆம் வருடத்தில் சோதிப்பார்கள். நிரந்தரமான பிறகு முழங்கால் தேய்ந்தாலும், சர்க்கரை வந்தாலும் அவர் பணியில் தொடரலாம். பெண்களுக்கு வாய்ப்பே கொடுக்காமல் காலம் கடத்திவிட்டு, நாற்பது ஐம்பது வயதில் கூப்பிட்டு, இருபத்தெட்டு வயது உடம்பைக் காட்டு என்றார்கள். 2021 மார்ச் 25இல், நிதிஷா என்ற பெண் அதிகாரி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு வைத்த பெயர் மறைமுகப் பாகுபாடு. விதி எல்லோருக்கும் ஒன்றுபோலத் தெரியும், அடி மட்டும் ஒரு பக்கம் விழும். 60 சதவீதம் எடுத்தவர்களுக்கு, ஒழுங்கு நடவடிக்கை நிலுவையில் இல்லாவிட்டால், அந்த 5ஆம் அல்லது 10ஆம் வருட உடல்நிலையை வைத்து நிரந்தர கமிஷன் தரச் சொன்னது. 2023 ஜனவரியில் 1992 முதல் 2006 வரையிலான பேட்ச்களைச் சேர்ந்த 244 பேரைப் பரிசீலித்து 108 பேரைக் கர்னலாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

உடம்பைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டது. 'பெண்கள் எதையும் தாங்குவார்கள்' என்று மேடையில் புகழ்வது எனக்குப் பிடிக்காது. சரிசெய்ய வேண்டியதைச் சரிசெய்யாமல் விடுவதற்கு அது நல்ல சாக்கு. ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். 'தேஸ் சல்' என்கிற வேக அணிவகுப்பு நடையில் ஒரு காலடி 30 அங்குலம், நிமிடத்துக்கு 120 காலடி. மணிக்கு ஐந்தரை கிலோமீட்டர். ஐந்தே முக்கால் அடி உயரமுள்ளவருக்கு அது இயல்பான நடை. ராணுவத்தில் அதிகாரியாகச் சேரப் பெண்ணுக்குப் பொதுவாகக் குறைந்தபட்ச உயரம் 152 சென்டிமீட்டர். அந்த உயரத்தில் இருப்பவர் ஒவ்வோர் அடியையும் இழுத்து வைக்க வேண்டும். இழுத்து வைக்கும்போது இடுப்பெலும்பில் இழுவிசை கூடும். முதுகில் சுமையும் ஏறினால் மயிரிழை முறிவு வரும். பெரும்பாலும் மூன்றாம் வாரத்திலிருந்து எட்டாம் வாரத்துக்குள் வரும். புதிய சுமைக்கு ஏற்ப எலும்பு பழையதைக் கரைத்துவிட்டுப் புதியதைக் கட்டும். கரைப்பு வேகம், கட்டுமானம் மெதுவு. அந்த இடைவெளியில்தான் உடைகிறது. முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியவே தெரியாது. 'எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது, நடிக்காதே' என்று திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் இவர்கள்தான். அழுத்தினால் ஒரே புள்ளியில் வலி, ஓய்விலும் வலி என்றால் எம்.ஆர்.ஐ. கேளுங்கள். மருந்து எளிது: நெடுநடையில் குட்டையானவரை முன்னால் விடு, அவர் அடியை மற்றவர்கள் பிடிக்கட்டும், சுமையை வாரவாரியாக ஏற்று, ரத்தத்தில் இரும்புச்சத்தைத் தொடக்கத்திலேயே பார்.

கட்டளை என்றால் என்ன வேலை என்று யாராவது கேட்டால் துப்பாக்கியைக் காட்டாதீர்கள். 2023இல் இ.எம்.இ. பிரிவின் கர்னல் கீதா ராணா கிழக்கு லடாக்கில் ஒரு தனிக் களப் பணிமனையின் பொறுப்பை ஏற்றார். களப் பணிமனை என்றால் அந்தப் பகுதியின் வண்டி, பீரங்கி, கருவிகள் ஓடிக்கொண்டே இருக்கப் பொறுப்பு. 14,000 அடிக்கு மேல் காற்றில் ஆக்ஸிஜன் சமவெளியில் இருப்பதில் அறுபது சதவீதம் அளவுதான். இன்ஜின் மூச்சு வாங்கும். சாதாரண டீசல் குளிரில் மெழுகாகி வடிகட்டியை அடைக்கும், அதற்காக மைனஸ் 33 டிகிரி வரை ஓடுகிற குளிர்கால டீசலை 2019இல் இந்தியன் ஆயில் கொண்டுவந்தது. பேட்டரியின் கிளப்பும் சக்தி பாதியாகும். வெறுங்கையால் ஸ்பேனரைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். கனத்த கையுறையோடு நட்டைத் திருக முடியாது. அரை மணி நேர வேலைக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவது, யாரை எப்போது உள்ளே அனுப்பிச் சூடேற்றுவது, பனியில் கணவாய் மூடுவதற்குள் எந்த உதிரிப் பாகம் எத்தனை வந்து சேர வேண்டும்: தலைமை என்பது இதுதான். ரிப்பேராகிக் கிடக்கிற லாரிக்கு எதிரில் நிற்பவர் ஆணா பெண்ணா என்று தெரியாது.

சேர நினைப்பவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். ஓர் அதிகாரி உங்களைப் பற்றி ஏ.சி.ஆர். எழுத, அவர் கீழ் குறைந்தது 90 நாள் நேரில் பணியாற்றியிருக்க வேண்டும். மகப்பேறு விடுப்பு 180 நாள். விடுப்பும் இடமாற்றமும் தப்பான மாதத்தில் சேர்ந்தால் அந்த வருடம் கோப்பில் ஓட்டை விழும். தேதிகளை நாள்காட்டியில் வைத்துப் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள். பயிற்சியில் அடிபட்டால் 'ஒன்றுமில்லை சார்' என்று எழுந்து ஓடாதீர்கள். ஐ.ஏ.எஃப்.ஒய். 2006 என்கிற காயப் படிவத்தை அன்றைக்கே நிரப்பச் சொல்லுங்கள். பத்து வருடம் கழித்து அந்தக் கால் படுத்தினால், பணியால் வந்தது என்று காட்ட அதுதான் சாட்சி. படிப்புக்கும் கமாண்ட் பதவிக்கும் எழுத்தில் கேளுங்கள். மறுத்தாலும் எழுத்தில் வாங்குங்கள். அறிக்கை அநியாயம் என்று பட்டால் ராணுவச் சட்டம் 27ஆம் பிரிவில் மனு கொடுக்கலாம். அதற்கும் மேலே ராணுவத் தீர்ப்பாயம் இருக்கிறது, சென்னையிலேயே அதற்கு ஒரு கிளை உண்டு. மனுக் கொடுப்பது துரோகம் என்று யாராவது சொன்னால், அந்தச் சட்டத்தை எழுதியதே அரசாங்கம்தான் என்று சொல்லுங்கள்.

காலாட்படை, டாங்கிப் படை, இயந்திரக் காலாட்படை மூன்றும் பெண்களுக்கு இன்னும் திறக்கவில்லை. பீரங்கிப் படை திறந்துவிட்டது. 2023 ஏப்ரலில் பரங்கிமலையிலிருந்து ஐந்து பெண்கள் அதற்குப் போனார்கள். ராணுவத் தலைமைத் தளபதி பதவிக்கு வருபவர்கள் பெரும்பாலும் போரிடும் பிரிவுக்காரர்கள். ஆனால் 2022இல் தளபதியான மனோஜ் பாண்டே இன்ஜினியர்ஸ் பிரிவு, அது பெண்களுக்குத் திறந்திருக்கும் பிரிவு. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

2025 மே 30இல் தேசியப் பாதுகாப்புக் கழகமான என்.டி.ஏ.விலிருந்து முதல்முறையாக 17 பெண்கள் பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள். அந்த வழியாக வருகிறவர்களுக்குத் தொடக்கமே நிரந்தர கமிஷன். 14 வருடத்தில் போகப்போகிறவர் என்று இவர்களுடைய தாளை யாரும் ஒதுக்க முடியாது. இவர்களில் தரைப்படையைத் தேர்ந்தெடுத்தவர்கள் லெப்டினன்ட் கர்னல் ஆவதற்கே 2039 ஆகும், கர்னல் வாரியம் அதற்கும் பிறகு. அந்த வாரியத்தின் மேஜைக்குப் போகிற முதல் ஏ.சி.ஆர். அவர்களுடைய முதல் யூனிட்டிலேயே எழுதப்படும்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். பின்வரிசையிலிருந்து தொடங்கலாம்.