அட்டன்பரோக்கள் ஏன் குறைவு? ஒரு குடும்பப் பெயரின் கணக்கு

(நூலக வாசகர் வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

தலைப்பைப் படித்ததும், "இது நமக்கு எதுக்குங்க?" என்று முன்வரிசைப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டது என் காதிலும் விழுந்தது. நியாயமான கேள்விதான். நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்து நமக்கு இனிஷியல். நம் பெயரின் முதலெழுத்து பிள்ளைக்கு இனிஷியல். தாத்தாவின் எழுத்து நம்மோடு இறங்கிக்கொள்ளும். சாதிப் பட்டம் போட்டுக்கொண்டிருந்த குடும்பங்களும், 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்ட பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக அதை வெட்டிவிட்டன. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் 'சர்நேம்' என்ற கட்டம் வரும்போது மட்டும் நாம் பேனாவைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு யோசிப்போம். ஒரே பெயர் 700 ஆண்டுகளாக அப்பனிடமிருந்து மகனுக்கு வந்துகொண்டே இருக்கிறது என்பது நமக்கு வெளியூர்ச் சங்கதி. அதனாலேயே அதை விலகி நின்று பார்க்க முடிகிறது.

நான் எடுத்துக்கொண்ட பெயர் அட்டன்பரோ. காட்டு விலங்குகளைப் பற்றி டி.வி.யில் பேசும் அந்தக் குரல் உங்களுக்குத் தெரியும், டேவிட் அட்டன்பரோ. அவருடைய அண்ணன் ரிச்சர்ட், காந்தியடிகளைப் பற்றிப் படம் எடுத்தவர். இரண்டு பேர் உலகப் புகழ் பெற்றதால், இது இங்கிலாந்தில் தெருவுக்குத் தெரு இருக்கிற பெயர் என்று நினைத்துவிடுகிறோம். இல்லை, இது அரிய பெயர்.

பெயர் வந்த இடம் தெரியும். நாட்டிங்ஹாம் நகரத்துக்குத் தென்மேற்கே, டிரென்ட் ஆற்றங்கரையில் அட்டன்பரோ என்று ஒரு கிராமம். பழைய ஆங்கிலக் காலத்தில் ஆடா என்றோ அதையொத்த வேறு பெயரிலோ ஒருவன் வைத்திருந்த கோட்டை என்பது ஊர்ப் பெயரின் பொருள். அங்கே இன்று கோட்டை எதுவும் கிடையாது. 1929 முதல் ஆற்றோரத்தில் சரளைக்கல் தோண்டினார்கள். தோண்டிய பள்ளங்களில் நீர் நின்று ஏரிகளாயின. அது பறவைகள் சரணாலயமாகி 1966இல் திறக்கப்பட்டது. திறந்துவைக்க யாரைக் கூப்பிட்டார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஊர்ப் பெயர் எப்போது ஆள் பெயராகிறது? ஊரை விட்டுப் போன பிறகுதான். திருநெல்வேலியில் இருக்கிறவரை யாரும் 'திருநெல்வேலிக்காரர்' என்று கூப்பிடுவதில்லை. சென்னைக்கு வந்து கடை போட்டால்தான் அந்தப் பெயர். இங்கிலாந்திலும் அப்படித்தான். 1066இல் நார்மானியர்கள் வந்த பிறகு முதலில் நிலப்பிரபுக்களும், பிறகு நகரத்தாரும், கடைசியில் குடியானவர்களும் பரம்பரைப் பெயர் வைத்துக்கொண்டார்கள். 1400 வாக்கில் பெரும்பாலோருக்குப் பெயர் நிலைத்துவிட்டது. அட்டன்பரோவிலிருந்து கிளம்பி, நாலைந்து கல் தள்ளி எங்கோ குடியேறிய ஒருவனை அக்கம்பக்கத்தார் ஊரைச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். வரி வசூலிக்க வந்தவர் அதையே எழுதிக்கொண்டார். பெயர் ஒட்டிவிட்டது.

இதற்கு நேர்மாறு ஸ்மித். ஸ்மித் என்றால் கொல்லர். கொல்லுப்பட்டறை இல்லாத ஊர் ஏது? ஒரே பெயர் ஆயிரம் இடங்களில், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் முளைத்தது. 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பிரிட்டனில் நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்மித்கள். இன்று ஐந்து லட்சத்துக்கும் மேல்.

ஆக, ஒரு இடத்தில் பிறந்த பெயர் குறைவு, பல இடத்தில் பிறந்த பெயர் நிறைவு என்று முடித்துவிடலாமா? முடியாது. ஊர்ப் பெயர்களிலேயே சில பல்லாயிரமாகப் பெருகியிருக்கின்றன, சில அடியோடு அழிந்திருக்கின்றன. இங்கேதான் கணக்கு வருகிறது. கணக்கு என்றதும் கதவைப் பார்க்க வேண்டாம், கூட்டல் பெருக்கல்தான்.

பிரான்சிஸ் கால்டன் என்று ஒருவர், டார்வினுக்கு உறவுக்காரர். அறிவாளி, அதே அளவுக்கு மேட்டிமைத்தனமும் உள்ளவர். மனிதரில் உயர்ந்த இனத்தை வளர்த்தெடுக்க வேண்டும் என்ற ஆபத்தான கருத்துக்குப் பெயர் சூட்டியவரும் அவர்தான். பிரபுக்கள், நீதிபதிகள் போன்ற பெரிய மனிதர்களின் குடும்பப் பெயர்கள் மறைந்துபோகின்றனவே, வசதி கூடினால் பிள்ளைப்பேறு குறைகிறதா என்ற விவாதம் அந்தக் காலத்தில் நடந்தது. கால்டன் இதைக் கணக்காக மாற்றி 1873இல் ஒரு கல்வி இதழில் புதிராகப் போட்டார்: எல்லா ஆண்களுக்கும் தனித்தனிக் குடும்பப் பெயர், இத்தனை பேருக்கு மகன் இல்லை, இத்தனை பேருக்கு ஒரு மகன், இத்தனை பேருக்கு இரண்டு. சில தலைமுறை கழித்து எத்தனை பெயர் மிஞ்சும்? ஹென்றி வாட்சன் என்ற பாதிரியார் விடை எழுதினார். 1874இல் இருவரும் சேர்ந்து கட்டுரையாக வெளியிட்டார்கள். விடையில் ஒரு ஓட்டை இருந்தது. எல்லாப் பெயரும் என்றாவது ஒருநாள் அழிந்தே தீரும் என்று வாட்சன் முடிவு கட்டிவிட்டார். சராசரி மகன்களின் எண்ணிக்கை ஒன்றுக்கு மேல் இருந்தால் தப்பிப் பிழைக்கும் பெயர்களும் உண்டு. பிரான்சில் பியேனமே என்பவர் 1845லேயே இதைச் சரியாகச் சொல்லிவிட்டார், யாரும் கவனிக்கவில்லை.

அமெரிக்காவில் ஆல்ஃபிரட் லோட்கா, 1920 கணக்கெடுப்பில் இருந்த வெள்ளையர் விவரங்களை இந்தச் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தார். பிறக்கும் ஆண்களில் 100க்கு 48 பேருக்கு மகன் இல்லை. சின்ன வயதில் இறந்தவர், கல்யாணம் ஆகாதவர், பெண் மட்டுமே பெற்றவர் எல்லாரும் இதில் அடக்கம். சராசரியோ ஒருவருக்குச் சுமார் 1.26 மகன், அதாவது கூட்டம் பெருகுகிறது. இந்த எண்களை வைத்து நான் போட்ட கணக்கைக் கேளுங்கள். 100 ஆண்கள், 100 வெவ்வேறு பெயர்கள். முதல் தலைமுறை முடிவில் ஆண்கள் 126 ஆகிவிட்டார்கள், பெயர்கள் 52. இரண்டாம் தலைமுறையில் ஆண்கள் 159, பெயர்கள் 37. மூன்றாம் தலைமுறையில் ஆண்கள் 200, பெயர்கள் 31. ஜனத்தொகை இரட்டித்துவிட்டது, பெயர்களில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. கடைசியில் பிழைப்பவை 18தான்.

யாரும் யாரையும் அழிக்கவில்லை. பஞ்சமில்லை, போரில்லை. வெறும் குலுக்கல். இதில் 1348-49 கறுப்புக் கொள்ளைநோயையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெயர்கள் வேர்பிடித்துக்கொண்டிருந்த அதே சமயத்தில் இங்கிலாந்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை மக்களை அந்த நோய் வாரிக்கொண்டு போனது. ஊரில் பத்துப் பேருக்கு ஒட்டிய பெயர் ஒரே ஒருவனோடு மிஞ்சியிருந்தால் வியப்பில்லை. எங்கள் பெயர் அரிது, ஆகையால் நாங்கள் அரச வம்சம் என்று யாராவது சொன்னால் நான் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வேன். அரிதாவதற்குப் பெண்பிள்ளைகள் நாலைந்து பேர் வரிசையாகப் பிறந்தாலே போதும்.

சரி, இதெல்லாம் காகிதக் கணக்கு. ஒரே ஆளிடமிருந்துதான் பெயர் வந்தது என்று நிரூபிக்க முடியுமா? முடிகிறது. ஆணுக்கு மட்டும் உள்ள ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்கு ஏறக்குறைய அப்படியே போகிறது. இங்கிலாந்துக் குடும்பப் பெயரும் அதே வழியில்தான் போகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் டூரி கிங்கும் மார்க் ஜோப்ளிங்கும். டி.என்.ஏ. கைரேகை முறையை 1984இல் அலெக் ஜெஃப்ரீஸ் கண்டுபிடித்த அதே பல்கலைக்கழகம். இன்னொரு பொருத்தம்: அது கல்லூரியாக இருந்த காலத்தில், 1932 முதல் 1951 வரை, முதல்வராக இருந்தவர் ஃபிரெடரிக் அட்டன்பரோ, நம் டேவிட்டின் அப்பா.

40 பிரிட்டிஷ் குடும்பப் பெயர்கள், 1,678 ஆண்கள். 2009இல் முடிவு வந்தது. ஸ்மித்கள் தங்களுக்குள் எவ்வளவு ஒத்துப்போனார்கள் என்றால், தெருவில் போகிற முன்பின் தெரியாதவர்கள் எவ்வளவு ஒத்துப்போவார்களோ அவ்வளவே. அட்டன்பரோக்களிலோ 100க்கு 87 பேருக்கு ஒரே வகை ஒய்! அதுவும் பிரிட்டனில் எளிதில் காணக்கிடைக்காத, மத்தியதரைக் கடல் பக்கம் மிகுந்திருக்கிற ஒரு வகை. சாதாரண வகையாக இருந்தால் தற்செயல் என்று தள்ளிவிடலாம். இதைத் தள்ள முடியாது. ஒரு மூதாதையிடமிருந்து இறங்கியவர்கள் என்பதைத் தவிர வேறு விளக்கம் பொருந்தாது.

மீதி 13 பேர்? கேட்டவுடனே சபையில் ஒரு சிரிப்பு ஓடுகிறது பாருங்கள். தத்து எடுத்த பிள்ளை, அம்மாவின் குடும்பப் பெயரை வைத்துக்கொண்டவர், சொத்துக்காக மாமனார் பெயரை ஏற்ற மருமகன், நீங்கள் சிரித்த அந்தக் காரணம், எல்லாம் இருக்கலாம். தலைமுறைக்கு 100க்கு ஒருவர் வீதம் தொடர்பு அறுந்தாலும் 20 தலைமுறை கழித்து 82 பேர்தான் மிஞ்சுவார்கள். 87 என்பது அதைவிட மேல். குலுக்கலில் எந்தக் கிளை தழைத்தது என்பதும் இந்த எண்ணை ஏற்றி இறக்கும், ஆகவே இதை வைத்து அட்டன்பரோ வீட்டுப் பெண்களுக்கு நற்சான்றிதழ் எழுத வேண்டாம். அரச வம்சங்களுக்கும் இது பொருந்தும். 2012இல் லெஸ்டர் கார் நிறுத்துமிடத்தின் அடியில் மூன்றாம் ரிச்சர்ட் மன்னனின் எலும்புக்கூடு கிடைத்தது. அந்த மரபணு ஆய்வையும் டூரி கிங்தான் நடத்தினார். தாய்வழிச் சோதனை பொருந்தியது. ஆவணப்படி அதே ஆண்வழியில் வந்த ஐந்து பேரைச் சோதித்தார்கள். ஒருவருடைய ஒய்யும் மன்னனோடு ஒத்துப்போகவில்லை.

இதே குழு 2006இல் செய்த ஆய்வில் போலீஸுக்கும் ஒரு யோசனை இருந்தது. ஒரே குடும்பப் பெயர் உள்ள 150 ஜோடி ஆண்களை எடுத்தார்கள். நாலில் ஒரு ஜோடிக்குப் பொது மூதாதை இருப்பது தெரிந்தது. அரிய பெயர்களில் ஏறக்குறைய பாதி. குற்றம் நடந்த இடத்தில் கிடைத்த டி.என்.ஏ.விலிருந்து ஆளின் பெயரையே ஊகித்துத் தேடுதலைச் சுருக்கலாம் என்றார்கள். அரிய பெயர் உள்ளவர்கள் இதைக் கேட்டு மகிழ்ந்திருக்க மாட்டார்கள்.

எண்ணிக்கையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்து, வேல்ஸுக்கு 2002இல் வெளியான பட்டியலில் 5.4 கோடிப் பேருக்குச் சுமார் 2,70,000 குடும்பப் பெயர்கள் இருந்தன. ஐந்து பேருக்குக் குறைவாக உள்ள பெயர்களை அதில் சேர்க்கவில்லை, அதாவது உண்மையிலேயே சாகக் கிடக்கும் பெயர்கள் அந்தப் பட்டியலில் கிடையாது. பழைய கணக்கெடுப்புத் தாள்களை 100 ஆண்டு பூட்டி வைப்பது அங்கே வழக்கம். 1921 தாள்கள் 2022 ஜனவரியில் திறந்தன. அடுத்த 1931 தாள்கள் 1942 டிசம்பரில் தீயில் போயின. குண்டு விழவில்லை, சாதாரண தீ விபத்து. 1941இல் போரினால் கணக்கே எடுக்கவில்லை. எனவே அடுத்து 1951தான், அதற்கு 2052 வரை காத்திருக்க வேண்டும். ஸ்மித்களுக்கு இதனால் நஷ்டமில்லை. முப்பது பேர் மட்டுமே உள்ள ஒரு பெயருக்கு முப்பது ஆண்டு இடைவெளி என்றால், ஒரு கிளை பட்டுப்போனதா, ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறியதா, எழுத்தர் கைப்பிழையில் வேறு பெயராகிவிட்டதா என்று பிரித்துப் பார்ப்பது பெரும்பாடு.

இங்கே நம் ஆட்களைப் பற்றி ஒன்று. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து போன ட்ரூரோ கப்பல், தென்னாப்பிரிக்காவில் நேட்டால் பகுதியின் துறைமுகமான டர்பனில் 342 பேரை இறக்கியது. 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் போனவர்கள் 1,52,184 பேர். மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகம் வழியாக. கப்பல் பதிவேட்டில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம். குடும்பப் பெயரே இல்லாமல் ஏறியவர்களுக்கு அங்கே அவர் பெயரோ, அப்பா பெயரோ, சாதிப் பட்டமோ பரம்பரைப் பெயராக உறைந்துவிட்டது. அட்டன்பரோக்களின் முதல் ஆள் யார் என்பதை ஒய் குரோமோசோமைக் கொண்டு ஊகிக்க வேண்டியிருக்கிறது. டர்பனில் உள்ள சில அரிய தமிழ்க் குடும்பப் பெயர்களுக்கு முதல் ஆளின் கிராமமும் எண்ணும் கப்பலின் பெயரும் எழுத்தில் இருக்கின்றன. நம் ஊர்க் கல்லூரிகளில் வரலாறு படிக்கிறவர்கள் இதைத் தொடாமல் இருப்பது எனக்கு வருத்தம்தான்.

கடைசியாக, வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயர். 2007இல் இதே லெஸ்டர் குழுவுக்கு, ஓர் ஆங்கிலேயரிடம் ஏ1 என்ற வகை ஒய் கிடைத்தது. அதற்கு முன்பு உலகத்தில் அந்த வகை கிடைத்தது மேற்கு ஆப்பிரிக்கர்கள் சிலரிடம் மட்டுமே. அவருக்குத் தன் வம்சத்தில் ஆப்பிரிக்கர் யாரும் இருந்ததாகத் தெரியாது. அவருடைய குடும்பப் பெயர் அரிது என்பதால் அதே பெயருள்ள மற்றவர்களைத் தேடிப்பிடிக்க முடிந்தது. ஸ்மித்தாக இருந்திருந்தால் விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். 18 பேரைச் சோதித்தார்கள். ஏழு பேரிடம் அதே ஏ1. வம்சாவளியைத் தோண்டியதில் ஏழு பேரும் இரண்டு கிளைகளில் அடங்கினார்கள், இரண்டும் யார்க்‌ஷயரில் 1780கள் வரை போயின. இரண்டு கிளைகளும் சேரும் இடம் அதற்கு முன்னால் இருக்க வேண்டும். வட இங்கிலாந்தில் ரோமானியர் கட்டிய அட்ரியன் மதிலில் காவல் நின்ற ரோமானியப் படையின் ஆப்பிரிக்க வீரனா, அடிமை வணிகக் காலத்தில் வந்து இறங்கியவனா என்று ஆய்வாளர்கள் இரண்டு வழியும் சொல்கிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் பொருத்தமாகப் படுகிறது. ரோமானியர் காலத்திலிருந்து வந்திருந்தால் அந்த ஒய், பெயர்கள் உருவாகும் முன்பே பல குடும்பங்களில் பரவ ஓர் ஆயிரம் ஆண்டு கிடைத்திருக்கும். இந்த ஒரே பெயரைச் சுற்றி நின்றிருக்காது.

கேள்விகள் இருந்தால் கேட்கலாம். வணக்கம்.