ஏற்காட்டை விட உயரம் ஏறும் மீன்! அது போகும் வழியிலேயே ஒரு 10 நாள் கார் பயணம்

[ஏற்காடு மலைப்பாதை, பத்தாவது வளைவு. காலை வெளிச்சம். பின்னால் ஒரு பேருந்து முக்கி முனகி ஏறுகிறது.]

இந்தப் பேருந்து சேலத்திலிருந்து மேலே போய்ச் சேர 20 கொண்டை ஊசி வளைவு திரும்பணும். ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம். சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சிக்கே போனாலும் 1623 மீட்டர்தான். இப்போது ஒரு மீனை நினைத்துப் பாருங்கள். கடலில் கிளம்பி, ஆற்றை எதிர்த்து 1450 கிலோமீட்டர் நீந்தி, ஏறத்தாழ 2000 மீட்டர் உயரத்துக்குப் போகிறது. சேலத்திலிருந்து சென்னைக்கு இரண்டு தடவை போய் வந்தாலும் அந்தத் தூரம் வராது!

அந்த மீன் பெயர் ஸ்டீல்ஹெட். அமெரிக்காவில் இருக்கும் என் அக்கா, "தம்பி, அக்டோபர்ல வா, மாமாவும் நீயும் மீன் பிடிக்கப் போங்க, ரூட்டை மட்டும் நீயே போட்டுடு" என்று சொன்னதிலிருந்து ஒரு மாதமாக வரைபடமும் கையுமாக இருக்கிறேன். அந்தத் திட்டம்தான் இந்த வீடியோ.

முதலில் ஒரு விஷயம். ஸ்டீல்ஹெட்டும் ரெயின்போ டிரவுட்டும் ஒரே இனம். ஆற்றிலேயே தங்கிவிட்டால் டிரவுட், கடலுக்குப் போய்க் கொழுத்துத் திரும்பினால் ஸ்டீல்ஹெட். ஊட்டிப் பக்கம் அவலாஞ்சியில் 1907-ல் வெள்ளைக்காரர்கள் பண்ணை வைத்து வளர்த்ததும் இதே ரெயின்போதான். வரலாறு இவ்வளவு போதும்.

[திரையில்: கொலம்பியா ஆற்றின் வரைபடம்]

மீன்பிடிப் பயணம் என்றால் எல்லோரும் "எந்த ஆற்றில் மீன் அதிகம்" என்றுதான் தேடுகிறார்கள். நான் வேறு மாதிரி போட்டிருக்கிறேன். மீன் எந்த வழியாகப் போகிறதோ அதே வழியாக நாமும் போகணும். ஆரகன் மாநிலத்தில் அஸ்டோரியா என்ற ஊர், கொலம்பியா ஆறு கடலில் கலக்கும் இடம். அங்கே கிளம்புகிறோம். ஐடஹோ மாநிலத்து மலைக்குள் ஒரு சின்ன ஊரில் முடிக்கிறோம். அந்த ஊரின் பெயர் ஸ்டான்லி!

மேட்டூர்க்காரர்கள் இந்நேரம் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். நம்ம மேட்டூர் அணையின் நீர்த்தேக்கத்துக்கும் ஸ்டான்லி என்றுதானே பெயர்! நம்முடையது சென்னை மாகாண ஆளுநரின் பெயர், அவர்களுடையது வேறொரு ஸ்டான்லி. ஆனால் வரைபடத்தில் அந்தப் பெயரைப் பார்த்ததும் முடிவு செய்துவிட்டேன், பயணம் அங்கேதான் முடியணும் என்று.

அணை என்றதும் ஞாபகம் வருகிறது. கடலிலிருந்து ஸ்டான்லிப் பக்கம் போகும் மீன் எட்டு அணைகளைத் தாண்டணும். எப்படித் தாண்டும்? மீனுக்கென்று படிக்கட்டு கட்டியிருக்கிறார்கள். கோயில் குளத்துப் படி மாதிரி தொட்டி தொட்டியாக, ஒவ்வொன்றிலும் தண்ணீர் வழிந்து இறங்கும், மீன் ஒவ்வொரு தொட்டியாகத் தாவி ஏறும். முதல் அணை பானவில். அங்கே கண்ணாடிச் சன்னல் வைத்திருக்கிறார்கள், மீன் ஏறிப் போவதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். எந்த மீன் எத்தனை போனது என்று எண்ணி, தினசரிக் கணக்கும் வெளியிடுகிறார்கள். கிளம்பும் முன் அந்தக் கணக்கைப் பார்த்தால் போதும், மீன் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பிடிபட்டுவிடும். ஆற்றுக்கு இப்படி ஒரு வருகைப் பதிவேடு இருப்பது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

அடுத்த நிறுத்தம் மோப்பின் என்ற ஊர், டெஷூட்ஸ் ஆற்றங்கரை. இங்கே மூன்று நாள். இந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லணும்.

ஆகஸ்டில் கொலம்பியா ஆறு சூடாகிவிடும். டிரவுட் குடும்பத்துக்கு 20 டிகிரியைத் தாண்டினாலே மூச்சு முட்டும். தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். 10 டிகிரியில் லிட்டருக்கு 11 மில்லிகிராம் இருந்தால், 30 டிகிரியில் ஏழரைதான். அதனால் ஐடஹோவுக்குப் போகவேண்டிய மீன்கூட வழியில் குளிர்ந்த கிளை ஆறாகப் பார்த்து ஒதுங்கிவிடும், டெஷூட்ஸ் அப்படி ஒன்று. மே மாதம் சேலத்தில் வெயில் கொளுத்தும்போது நாம் என்ன செய்கிறோம்? ஏற்காட்டுக்கு ஏறி இரண்டு நாள் தங்கிவிட்டு இறங்குகிறோம் இல்லையா, அதேதான்! டெஷூட்ஸ் அந்த மீனுக்கு ஏற்காடு. அங்கே நீங்கள் பிடிக்கும் மீன் அந்த ஆற்று மீனாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது, கோடைக்கு வந்த விருந்தாளியாகவும் இருக்கலாம்.

அதனால் பையில் முதலில் வைக்கவேண்டியது தெர்மாமீட்டர். தண்ணீர் சூடாக இருந்தால் அன்றைக்குத் தூண்டில் வேண்டாம். பிடித்துத் திரும்ப விட்டாலும் மீன் பிழைக்காமல் போகலாம்.

[மொட்டை மாடி. கையில் நீளமான தூண்டில் கம்பு. நரம்பு முனையில் சிவப்பு உல்லன் நூல்.]

இது எங்கள் வீட்டு மொட்டை மாடி. கொக்கிக்குப் பதில் உல்லன் நூல் கட்டியிருக்கிறேன், பழகுவதற்கு இதுதான் வழி. நம் ஊர்த் தூண்டிலில் ஈயக்குண்டின் எடைதான் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். ஃபிளை தூண்டிலில் முனையில் இருப்பது பூச்சி மாதிரி கட்டிய இறகும் நூலும்தான் (அதுதான் ஃபிளை), எடையே கிடையாது. எடை கயிற்றில் இருக்கிறது. பாருங்கள், பின்னால் வீசுகிறேன். விசுக். இப்போது அவசரப்படக் கூடாது. கயிறு பின்னால் முழுதாக நீளும் வரை பொறுக்கணும், நீண்டதும் கம்பு லேசாக வளையும், கைக்குத் தெரியும். அப்போது முன்னால் தள்ளினால் நூல் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் பூ மாதிரி போய் உட்காருகிறது. டிரவுட்டுக்கு ஐந்தாம் எண் கம்பு, ஸ்டீல்ஹெட்டுக்கு ஏழு அல்லது எட்டு.

இறகு என்றதும் ஒன்று சொல்லியே ஆகணும். பழைய பாணி சால்மன், ஸ்டீல்ஹெட் ஃபிளைகளில் கண் மாதிரி மினுங்கும் ஒரு இறகைக் கட்டுவார்கள். அது நம்ம சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகு! உலகத்திலேயே இந்தியக் காடுகளில் மட்டும் இருக்கும் பறவை, நம் சேர்வராயன் மலையிலும் கூவுகிறது. முனையில் மெழுகுச் சொட்டு விழுந்த மாதிரி மஞ்சள் புள்ளி இருக்கும். இப்போது காட்டில் அதைப் பிடிப்பதும் இறகை விற்பதும் குற்றம், வெளிநாட்டில் பண்ணையில் வளர்த்த பறவையின் இறகைத்தான் கட்டுகிறார்கள். அதுதான் சரி. தயவுசெய்து யாரும் ஏற்காட்டில் இறகு தேடிக் கிளம்பாதீர்கள்.

சரி, விதிகள். உரிமம் மாநிலத்துக்கு மாநிலம் தனி, ஐடஹோவில் ஸ்டீல்ஹெட்டுக்கு உரிமத்தோடு தனி அனுமதிச் சீட்டும் வேண்டும், கொக்கியில் முள் இருக்கக் கூடாது. டெஷூட்ஸின் கீழ்ப்பகுதியில் படகில் உட்கார்ந்து வீசக் கூடாது, இறங்கி நின்றுதான் வீசணும். முதுகில் வாலுக்கு முன்னால் இருக்கும் குட்டித் துடுப்பு வெட்டப்பட்டிருந்தால் பண்ணை மீன், முழுசாக இருந்தால் காட்டு மீன், உடனே விட்டுவிடணும். மீன் வரத்து மோசமென்றால் பருவத்தையே மூடிவிடுவார்கள், 2021-ல் டெஷூட்ஸில் அப்படித்தான் ஆனது. அதனால் டிக்கெட் போடும் முன் ஒரு தடவை, கிளம்பும் வாரத்தில் ஒரு தடவை அறிவிப்பைப் பாருங்கள்.

அப்புறம் லூயிஸ்டன் போய் கிளியர்வாட்டர் ஆற்றில் இரண்டு நாள். ஸ்டீல்ஹெட்டை "ஆயிரம் வீச்சு மீன்" என்பார்கள். ஆற்றுக்குள் வந்தபிறகு அது பெரிதாக எதுவும் சாப்பிடாது, அதனால் பசியை நம்பித் தூண்டில் போட முடியாது. குறுக்கே வீசு, ஃபிளை வளைந்து கரைக்கு வரட்டும், ஓர் அடி கீழே நட, மறுபடி வீசு. இரண்டு நாளும் ஒன்றும் கடிக்காமல் போகலாம். மாமாவிடம் இதை இப்போதே சொல்லிவிட்டேன். கொஞ்சம் டிரவுட்டாவது வேண்டுமென்றால் மோப்பினில் மேகமூட்டமான மதியங்களை விட்டுவிடாதீர்கள், அப்போதுதான் சின்னப் பூச்சிகள் தண்ணீர் மேல் கூட்டமாக வரும்.

ஆரகன், ஐடஹோ பக்கம் இருக்கும் தமிழ் நண்பர்கள் யாராவது இந்த வழியில் போயிருந்தால் கமெண்டில் எழுதுங்கள், குறிப்பாக அடுத்த நிறுத்தமான ரிகின்ஸில், அதாவது ஐடஹோவில் சால்மன் ஆற்றங்கரையில் இருக்கும் சின்ன ஊரில், தங்குவதைப் பற்றி.

ரிகின்ஸைத் தாண்டியதும் சாலை சால்மன் ஆற்றை விட்டுச் சுற்றிப் போகிறது, ஆறு சாலையே இல்லாத காட்டுக்குள் போய்விடுகிறது. மீன் அந்தப் பக்கம், நாம் இந்தப் பக்கம். குளிர்காலத்தை அது கீழேயே ஆழமான மடுக்களில் கழித்துவிட்டு, வசந்தத்தில்தான் ஸ்டான்லிக்கு ஏறும். அக்டோபரில் நாம் போகும்போது அங்கே ஸ்டீல்ஹெட் இருக்காது. இருந்தாலும் போகிறோம், அது வந்து சேரப்போகும் தண்ணீரில் ஒரு தடவை கையை நனைக்கணும். ஸ்வெட்டர் மட்டும் தடிமனாக எடுத்துக்கொள்ளுங்கள், ஏற்காட்டுக்குப் போடுவது அங்கே காணாது.