கடல் முழுக்க எதற்கு நுண்கட்டம்?

[திரையில்: வங்காள விரிகுடா வரைபடம், சுமத்ரா ஓரத்தில் சிவப்புப் புள்ளி]

2004 டிசம்பர் 26. காலை ஆறரை மணிவாக்கில் சுமத்ரா அருகே நிலநடுக்கம், சுமார் இரண்டரை மணி நேரத்தில் சுனாமி சென்னையில். இதைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்க வேண்டுமென்றால் கடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் தண்ணீரின் ஆழத்தையும் இரண்டு திசை ஓட்டத்தையும் கணக்கிட வேண்டும்.

கட்டம் எவ்வளவு பெரியது? துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர் கணக்கில் வர வேண்டுமானால் ஒரு கட்டம் 20 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று வைத்துக்கொள்வோம். 2000-க்கு 2000 கிலோமீட்டர் கடலை அப்படிப் பிரித்தால் ஆயிரம் கோடி கட்டம். அதோடு முடியவில்லை. கணக்கு நேரத்தைத் துண்டு துண்டாக, ஒவ்வோர் அடியாக எடுத்து வைத்து முன்னேறும்போது, ஓர் அடிக்குள் அலை ஒரு கட்டத்தைத் தாண்டிவிடக் கூடாது. 4000 மீட்டர் ஆழத்தில் சுனாமி நொடிக்கு 200 மீட்டர் ஓடும், ஆக ஓர் அடி 0.1 நொடிதான், மூன்று மணி நேரத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் அடிகள்!

[திரையில்: நடுக்கடலில் ஒரே மாதிரியான, காலியான கட்டங்கள்]

இதில் எரிச்சல் என்னவென்றால், நடுக்கடலில் அந்த அலையின் உயரம் ஒரு மீட்டர்கூட இல்லை, நீளமோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். அங்கே 10 கிலோமீட்டர் கட்டமே தாராளம்.

சரி, தேவையான இடத்தில் மட்டும் பொடிக் கட்டம் போட்டால்? அதுவும் அலை நகர நகர அந்தப் பொடிக் கட்டமும் கூடவே நகர்ந்தால்? இதுதான் அடாப்டிவ் மெஷ் ரிஃபைன்மென்ட், சுருக்கமாக ஏஎம்ஆர். 1984-இல் மார்ஷா பெர்கரும் ஜோசப் ஓலிகரும் எழுதிய கட்டுரையிலிருந்து கிளம்பியது. சுனாமிக்கான ஜியோகிளா மென்பொருள் ஓடுவதும் இதில்தான்.

[திரையில்: அலையோடு சேர்ந்து நகரும் நுண்கட்டப் பெட்டி]

கடல்மட்டம் இவ்வளவுக்கு மேல் மாறினால் அந்தக் கட்டத்தைக் குறித்து வை என்று சொல்லிவிடுகிறோம். சில நேர அடிகளுக்கு ஒருமுறை, குறித்தவற்றைச் சுற்றிக் கொஞ்சம் ஓரமும் விட்டு, புதிய பெட்டி போடப்படும். ஓரம் விடாவிட்டால் அடுத்த முறை பெட்டி போடுவதற்குள் அலை வெளியே போய்விடும். சென்னைக்கு 10-க்கு 10 கிலோமீட்டர் பெட்டி போதுமென்றால் 20 மீட்டர் அளவில் அது வெறும் இரண்டரை லட்சம் கட்டம். இன்னொரு லாபம், கரையோரம் ஆழம் 15 மீட்டர் என்றால் அலை நொடிக்கு 12 மீட்டர்தான் நகரும், அதனால் கட்டம் பொடியானாலும் நேர அடி ஒன்றரை நொடிக்கு மேல் வைக்கலாம்.

வம்பு எங்கே என்றால், பெரிய கட்டம் பொடியாகும் அந்த நொடியில்.

[திரையில்: ஒரு கட்டம் இரண்டாகப் பிளக்கிறது]

அலையே வராத, அசையாத கடல். பெரிய கட்டத்தில் அடித்தரை சராசரியாக 50 மீட்டர் கீழே, தண்ணீரும் 50 மீட்டர். பிரித்துப் பார்த்தால் ஒரு பாதியில் தரை 40 மீட்டரில், மறுபாதியில் 60 மீட்டரில். ஆழத்தை அப்படியே நகலெடுத்து இரண்டுக்கும் 50 என்று கொடுத்தால், ஒரு பக்கம் கடல் 10 மீட்டர் மேலே நிற்கும், இன்னொரு பக்கம் 10 மீட்டர் கீழே. நிலநடுக்கமே இல்லாமல் ஒரு சுனாமி! அதனால் ஆழத்தை அல்ல, கடல்மட்டத்தைத்தான் நகலெடுக்க வேண்டும். 40, 60 என்று வரும், சராசரி அதே 50.

ஆனால் கரையோரத்தில் இதுவும் உதைக்கும். பெரிய கட்டத்தின் தரை 1 மீட்டர் கீழே, தண்ணீர் 1 மீட்டர். பிரித்தால் ஒரு பாதி 3 மீட்டர் மேட்டு நிலம், மறுபாதி 5 மீட்டர் பள்ளம். கடல்மட்டத்தைக் காப்பாற்றினால் ஆழம் 0, 5. சராசரி இரண்டரை, அதாவது இல்லாத தண்ணீர் புதிதாக முளைத்துவிட்டது. ஜியோகிளா தெரிந்தேதான் இதை ஏற்றுக்கொள்கிறது, பொய் அலையைவிடக் கொஞ்சம் கூடுதல் தண்ணீர் மேல் என்று. என் கணக்கிலும் அது சரியான பேரம்தான், ஒரு நிபந்தனையோடு: அலை வந்து சேருவதற்கு முன்பே, கடல் சும்மா கிடக்கும்போதே, கரையோரக் கட்டங்களைப் பிரித்து முடித்துவிட வேண்டும்.