இரு கரைக்கும் வெளியூர்க்காரர்கள்

(கோவையில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம்.

தலைவர் என்னைக் கோத்தகிரிக்காரர் என்று அறிமுகம் செய்தார். கோத்தகிரியில் போய் விசாரித்தால் "அந்த சிலோன்காரர் பையனா?" என்பார்கள். அப்பா பிறந்து வளர்ந்தது இலங்கையில், அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில். அங்கே எங்கள் குடும்பத்துக்கு "இந்தியாக்காரர்" என்று பெயர். கப்பல் ஏறும்வரை அப்பா இந்தியாவைக் கண்ணால் பார்த்ததில்லை. தாத்தாவும் பார்த்ததில்லை.

நாடு, குடியேறியவர்கள், அடையாளம் என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். பெரிய தலைப்பு. பொதுவாகப் பேச ஆரம்பித்தால் உங்களுக்குத் தூக்கம் வரும், எனக்கே வரும். அதனால் இங்கிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் போன எங்கள் தோட்டத்துச் சனங்களைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

1820களில் வெள்ளைக்காரன் இலங்கையின் கண்டி மலைகளில் கோப்பி (நம்ம காப்பிதான்) போட ஆரம்பித்ததும் நம்மூர் ஆட்களைக் கங்காணிகள் திரட்டிக்கொண்டு போனார்கள். தோணியில் மன்னார்க் கரை. அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளைக்கு நடை. பசியிலும் காலராவிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். கோப்பிக்குப் பறிக்கிற காலத்தில்தான் ஆள் அதிகம் வேண்டும், அதனால் போனவர்கள் பலர் சம்பாதித்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள். பிறகு கோப்பிச் செடியில் இலைநோய் விழுந்தது. அதற்குச் சற்று முன்பு, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் என்ற துரை தேயிலை போட்டுப் பார்த்திருந்தார். கோப்பி போன இடமெல்லாம் தேயிலை வந்தது. தேயிலைக்கு வருஷம் முழுக்கக் கொழுந்து எடுக்க வேண்டும். ஆண் மட்டும் போதாது. பெண் வேண்டும், பிள்ளை வேண்டும். அப்படித்தான் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், குடும்பங்கள் தங்கின. வந்து போய்க்கொண்டிருந்தவர்களை அந்த மண்ணில் குடியிருத்தியது ஒரு செடி என்று சொன்னால் மிகையில்லை.

1947 தேர்தலில் தோட்ட மக்களின் அமைப்பான இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 இடங்களில் ஜெயித்தது. வேறு சில தொகுதிகளில் இவர்களுடைய ஓட்டு இடதுசாரிகளுக்குப் போனது. கொழும்பில் ஆட்சியில் இருந்தவர்களுக்கு இது உறுத்தியது. மறுவருஷம் நாடு சுதந்திரம் அடைந்தது. அதே வருஷம் குடியுரிமைச் சட்டமும் வந்தது. யாரையும் பெயர் சொல்லி விலக்காத சட்டம் அது. தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். அதற்கு அத்தாட்சி காட்ட வேண்டும், அவ்வளவுதான் கேட்டது. என் தாத்தா தோட்டத்தில்தான் பிறந்தார். எங்கே எழுதி வைத்திருந்தது? தேதி கேட்டால் "அடைமழையில லயத்துக் கூரை பிச்சுக்கிட்டுப் போன வருஷம்" என்பாராம். இந்த அத்தாட்சியை எந்த அதிகாரி வாங்குவார்?

இன்னொன்றும் கவனியுங்கள். சட்டம் பார்த்தது தகப்பன் வழி. மலை முழுக்கக் கொழுந்து கிள்ளிய பெண்கள் எங்கே பிறந்தார்கள் என்று அது கேட்கவேயில்லை.

அடுத்த வருஷம், விண்ணப்பித்துக் குடியுரிமை பெறலாம் என்று ஒரு சட்டம் வந்தது. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக மனுப் போட்டார்கள். கடைசியில் கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. அதற்குள் ஓட்டும் பறிபோயிருந்தது. வடக்குத் தமிழ்த் தலைவர்கள் எல்லாரும் ஒரே குரலில் எதிர்த்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். இதிலேயே அவர்கள் கட்சி இரண்டானது. எதிர்த்து வெளியே வந்த செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். ஒரே மொழி பேசுவதாலேயே யாரும் உறவாகிவிட மாட்டார்கள்.

1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும், நாடில்லாமல் நின்ற இந்தச் சனங்களில் யாரை எந்த நாடு ஏற்பது என்று ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வது. பத்து வருஷம் கழித்து இந்திரா காலத்தில் அதையும் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். அண்ணன் தம்பி தோப்புத் தேங்காயைப் பங்கு போடும்போதுகூட ஒரு பெரியவரை வைத்துப் பேசுவார்கள். இந்தப் பங்கீட்டில் அந்தச் சனங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எங்கள் வீட்டில் அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் இந்தியப் பாஸ்போர்ட். கட்டிக்கொடுத்த அத்தைக்கு மாமா வழியில் இலங்கைக் குடியுரிமை. 1973இல் கோச்சி ஏறினார்கள். (ரயிலை அப்பா இன்றும் கோச்சி என்றுதான் சொல்வார்; பிளாட்பாரத்தில் ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.) அட்டன் ஸ்டேஷனில் எழுந்த ஒப்பாரி, செத்த வீட்டில்கூடத் தான் கேட்டதில்லை என்பார். தலைமன்னார், கப்பல், ராமேஸ்வரம், அப்புறம் மண்டபம் முகாம்.

கடையே வைத்துப் பழகாதவர்களுக்குக் கடை வைக்கக் கடன் கொடுத்தார்கள். பலர் அதைத் தொலைத்துவிட்டு, தெரிந்த தொழிலைத் தேடி மலையேறினார்கள். நீலகிரியில் அவர்களுக்கென்றே 1968இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டம்தான் இன்றைய டான்டீ என்ற அரசு நிறுவனம். கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, எல்லா இடத்திலும் அதே கூடை, அதே பனி. ஊர் மட்டும் வேறு.

என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கச் சாதிச் சான்றிதழ் வேண்டியிருந்தது. அப்பா ஓர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. "சொந்த ஊர் எது? அங்கே போய் வாங்கிட்டு வாங்க" என்றார்களாம். தாத்தாவின் தாத்தா திருச்சிப் பக்கம் என்று ஒரு பேச்சு உண்டு. திருச்சியில் எந்தக் கிராமத்தில் யாரிடம் போய் நிற்பது? அங்கே பூட்டன் பெயர் கேட்டார்கள், இங்கே பாட்டன் ஊர் கேட்கிறார்கள் என்று அப்பா சிரித்துக்கொண்டுதான் சொல்வார். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்காது.

இதைவிடச் சிக்கல், இலங்கையில் 1983இல் தமிழர்கள் மீது நடந்த கலவரத்துக்குப் பிறகு படகில் அகதிகளாக வந்தவர்கள் கதை. இங்குள்ள முகாம்களில் மலையக வம்சத்தவர்களும், அதாவது அந்தத் தோட்டத்துச் சனங்களின் வழிவந்தவர்களும், பல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். 2021இல் முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றினார்கள். நல்லதுதான். ஆனால் வெளியிலிருந்து வந்தவர்களுக்குக் குடியுரிமை தர இந்தியா 2019இல் கொண்டுவந்த குடியுரிமைத் திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளைத்தான் சொல்கிறது. இலங்கை அதில் இல்லை. அங்கே தோட்டத்திலேயே தங்கிவிட்ட நாடற்றவர்களுக்கு 2003இல் ஒரு சட்டம் போட்டு இலங்கை குடியுரிமை கொடுத்தது. அதாவது, நகராமல் இருந்தவருக்கு நாடு கிடைத்தது. உயிருக்குப் பயந்து பூர்வீக மண்ணுக்கு ஓடிவந்தவர் முகாமில் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறார்.

இலங்கை மக்கள்தொகைக் கணக்கில் இவர்களுக்கு வெகுகாலம் "இந்தியத் தமிழர்" என்றே பெயர். இளையவர்கள் அதை ஏற்பதில்லை, மலையகத் தமிழர் என்று சொல்லுங்கள் என்கிறார்கள். நான் அவர்கள் பக்கம். நாட்டின் பெயரைச் சொன்னால் எந்த நாடு என்று சண்டை வரும். மலையை யாரும் நாடுகடத்த முடியாது. அப்பாவுக்கு இந்த இரண்டு பெயருமே நாக்கில் வராது. "நம்ம தோட்டத்து ஆளுக" என்பார்.

2023இல், முதல் ஆட்கள் போய் 200 வருஷம் ஆனதை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு அங்குள்ளவர்கள் நடந்தே போனார்கள். அந்தக் காணொளியை அப்பாவுக்குப் போனில் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். பேச்சாளர்கள் வந்தபோது "ஓட்டி விடு" என்றார். நடந்து போகிறவர்கள் வந்ததும் நிறுத்தச் சொன்னார். ஐம்பது வருஷம் ஆயிற்று. ஒவ்வொரு முகத்திலும் நிறுத்தி நிறுத்தி, பெரிசாக்கச் சொல்லி, எங்கள் தோட்டத்து ஆள் யாராவது தெரிகிறார்களா என்று தேடிக்கொண்டிருந்தார்.