நீச்சலே வாழ்க்கையான ஆமை, தண்ணீரில் மூழ்கிச் சாவது எப்படி?

[திரை: இருட்டு. அலைச் சத்தம். டார்ச் வெளிச்சத்தில் மணலில் ஒரு தடம்.]

வணக்கம் மக்களே. ஒரு கேள்வி. பொரிந்த அன்றே கடலுக்குள் போய், தின்பது, தூங்குவது, ஜோடி சேர்வது எல்லாம் கடலிலேயே என்று வாழும் ஒரு பிராணி, தண்ணீரில் மூழ்கிச் செத்துப்போனது என்று சொன்னால் நம்புவீர்களா?

2025 ஜனவரியில் சென்னையிலும் அதை ஒட்டிய கடற்கரைகளிலும் அப்படிச் செத்த ஆமைகள் ஆயிரத்துக்கும் மேல் கரை ஒதுங்கின. ஒரே சீசனில், அதுவும் சீசன் தொடங்கிய சில வாரங்களில். காலையில் வாக்கிங் போனவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தார்கள். பல ஆமைகளுக்குக் கண் பிதுங்கியிருந்தது, கழுத்து வீங்கியிருந்தது. நோய் வந்து செத்த உடம்பு அப்படி இருக்காது. மூச்சு முட்டிச் செத்த உடம்புதான் அப்படி இருக்கும்.

அந்த மூச்சு முட்டல் எங்கே நடக்கிறது, அதை ஒரு கம்பிச் சட்டம் எப்படித் தடுக்கும், அந்தச் சட்டத்துக்கும் சொறிமீனுக்கும் என்ன சம்பந்தம்? இந்த வீடியோ அதைப் பற்றித்தான். குட்டி ஆமை க்யூட்டாகக் கடலுக்குள் ஓடும் காட்சிக்காக வந்திருந்தால், அதுவும் உண்டு. ஆனால் அதைப் பார்த்தபிறகு கொஞ்சம் கணக்குப் போடச் சொல்வேன்.

முதலில் பின்னணியை ஓடிக்கொண்டே முடித்துவிடுவோம். இந்தியக் கடலில் கடலாமை ஐந்து வகை. நம் கரைக்கு அதிகமாக வருவது ஆலிவ் ரிட்லி. பங்குனி ஆமை, சித்தாமை என்றெல்லாம் பேர் உண்டு. ஐந்துமே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, அதாவது சட்டத்தின் கண்ணில் ஆமையும் புலியும் ஒரே வரிசை. வளர்ந்த ஆமை சுமார் 40 கிலோ. நிரம்பிய கேஸ் சிலிண்டரைவிடக் கனம். பின்னணி முடிந்தது.

[திரை: பெசன்ட் நகர் கடற்கரை, நள்ளிரவு.]

போன பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை ராத்திரி ஆமை நடைக்குப் போனேன். சென்னையில் இது பழைய வழக்கம். 1970களில் பாம்புப் பண்ணைக்காரர்கள் தொடங்கியது, 1988இலிருந்து மாணவர்கள் ஓர் அமைப்பாகச் சேர்ந்து விடாமல் நடந்துகொண்டிருக்கிறார்கள். ஆமை முட்டையிட்ட இடத்தைத் தேடி ராத்திரி முழுக்க மணலில் நடக்க வேண்டும். மணலில் ஏழு கிலோமீட்டர் என்பது ரோட்டில் ஏழு கிலோமீட்டர் இல்லை என்பதை என் கெண்டைக்கால் மறுநாள் எனக்கு விளக்கிச் சொன்னது.

ஒரு மணி வாக்கில் முன்னால் போன பையன் நின்றான். அலையிலிருந்து மேலேறிப் போகும் ஒரு தடம், சின்ன டிராக்டர் டயர் உருண்டது மாதிரி. பக்கத்திலேயே திரும்பிப் போன இன்னொரு தடம். ஆமை வந்து, முட்டை போட்டு, போயும் விட்டது. தடம் முடிகிற இடத்தில் கலைந்த மணல். அவன் கையிலிருந்த கோலை மெதுவாக மணலில் அழுத்தினான். கெட்டி. அரை அடி தள்ளி. கெட்டி. இன்னும் கொஞ்சம் தள்ளி அழுத்தியதும் கோல் சட்டென்று இறங்கியது. அங்கேதான் குழி. அதற்குமேல் கோலுக்கு வேலை இல்லை, கையால்தான் தோண்ட வேண்டும்.

கையை விட்டுப் பார்த்தால்தான் அந்தக் குழியின் அழகு தெரியும். வாய் குறுகி அடி அகன்ற குடம் மாதிரி வடிவம். ஆமை இதைப் பின்னங்காலால், திரும்பிக்கூடப் பார்க்காமல் தோண்டுகிறது! நூறு, நூற்றுப்பத்து முட்டைகள் போட்டு மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, உடம்பை இடமும் வலமுமாக ஆட்டி ஆட்டி, அடி ஓட்டால் தரையை இடிக்கும். பழைய வீடுகளில் திமிசுக்கட்டை வைத்துத் தரை கெட்டிப்பார்களே, அதே வேலை. முட்டை போடும்போது அதன் கண்ணில் நீர் வழிவதைப் பார்த்து 'பிரசவ வலியில் அழுகிறது' என்று நிறைய வீடியோ வந்திருக்கிறது. அது உடம்பில் சேர்ந்த உப்பை வெளியேற்றும் சுரப்பி. கடலுக்குள்ளும் அது சுரந்துகொண்டுதான் இருக்கும்.

முட்டை பார்க்க டேபிள் டென்னிஸ் பந்து. ஆனால் ஓடு மெத்தென்று இருக்கும், விரல் பட்டால் குழியும். டேபிள் டென்னிஸ் இல்லாத காலத்தில் எதோடு ஒப்பிட்டிருப்பார்கள்? இதற்கு உண்மையாகவே பதில் இருக்கிறது. அகநானூற்றின் 160ஆம் பாடல். பாடியவர் குமுழி ஞாழலார் நப்பசலையார். அடும்பங்கொடி சிதைந்துபோக, வெள்ளை மணலில் சூல் நிறைந்த ஆமை மறைவாக முட்டையிட்டுப் புதைக்கிறது. தந்தத்தில் செய்த விளையாட்டு வட்டு மாதிரி உருண்டையாக, புலால் நாற்றத்தோடு இருக்கிறதாம் முட்டை. அந்தக் காலத்து விளையாட்டுச் சாமானோடு ஒப்பீடு! நாற்றத்தைக்கூட விடவில்லை. பக்கத்தில் போய்ப் பார்த்தவர்தான் இப்படி எழுத முடியும். அடும்பங்கொடி இன்றைக்கும் நம் கடற்கரையில் ஊதாப் பூவோடு படர்ந்துதான் கிடக்கிறது.

ஒரே ஒரு இடத்தில் சறுக்கல். குஞ்சு பொரிகிறவரை 'கணவன்' ஆமை காவல் இருக்கிறது என்கிறார். அந்தக் கணவன் குஞ்சாகக் கடலில் இறங்கியதோடு சரி, அதற்கப்புறம் இந்தப் பக்கம் தலைகாட்டுவதே இல்லை. அப்பாக்கள் பொறுப்பாக இருப்பார்கள் என்று நம்பிய காலம் போல. கமெண்டில் அப்பாக்கள் சண்டைக்கு வர வேண்டாம், ஆமையைத்தான் சொல்கிறேன்.

சரி. அன்றைக்கு எடுத்த முட்டைகளைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு போய், குஞ்சு பொரிப்பகத்தில் அதே குட வடிவில் குழி தோண்டி, திரும்பப் புதைத்தார்கள். விட்டுவைத்தால் நாய் தோண்டிவிடும், ஆளும் எடுத்துவிடுவார்கள். 45 முதல் 60 நாளில் பொரியும். மணல் சூடாக இருந்தால் பெண் அதிகம், குளிர்ந்திருந்தால் ஆண் அதிகம். ஏப்ரல் வெயிலில் சென்னை மணல் என்ன கதி என்று உங்களுக்கே தெரியும்.

[திரை: மூங்கில் கூடையிலிருந்து குஞ்சுகள் மணலில் இறங்குகின்றன.]

இதோ நீங்கள் கேட்ட காட்சி. பார்த்துக்கொள்ளுங்கள். நானும் ஒரு நிமிடம் ஒன்றும் பேசவில்லை.

இப்போது கணக்கு. ஆயிரம் குஞ்சு கடலுக்குப் போனால் ஒன்றுதான் பெரிய ஆமையாகும் என்பது ஆய்வாளர்கள் பொதுவாகச் சொல்லும் மதிப்பீடு. நண்டு, பறவை, மீன் எல்லாம் பங்கு கேட்கும். 2024 சீசனில் தமிழ்நாட்டின் பொரிப்பகங்களிலிருந்து 2 லட்சத்துக்கும் மேல் குஞ்சுகள் கடலில் விடப்பட்டன. பெரிய சாதனை, ராத்திரி ராத்திரியாக நடந்தவர்களின் உழைப்பு. ஆயிரத்தால் வகுங்கள். சுமார் 200 பெரிய ஆமைகள். அதுவும் நாளைக்கே இல்லை, பத்துப் பதினைந்து வருடம் கழித்து.

அடுத்த ஜனவரியில் செத்து ஒதுங்கியது எத்தனை? ஆயிரத்துக்கும் மேல். செத்த ஆமைகள் எல்லாமே கரைக்கு வராது, கடலிலேயே முழுகிப் போவதும் உண்டு. அதையெல்லாம் விட்டுவிட்டு எண்ணினாலும், மாநிலம் முழுக்க ஐந்து வருடம் பாடுபட்டுச் சேர்க்கும் ஆமைகளை ஒரு மாதம் தின்றுவிட்டது. நான் இந்தக் கணக்கை முதன்முதலில் ஒரு பஸ் டிக்கெட்டின் பின்னால் போட்டேன், போட்டுவிட்டு எங்கேயாவது ஒரு சைபர் தப்பிவிட்டதா என்று இரண்டு தடவை சரிபார்த்தேன்.

ஒரு பெரிய ஆமை எவ்வளவு பெரிய சொத்து என்று காட்ட ஒரே ஒரு உதாரணம். 2021 மார்ச்சில் ஒடிசாவின் கஹிர்மாதாவில் ஒரு பெண் ஆமையின் துடுப்பில் 03233 என்று எண் குத்தி விட்டார்கள். அதே ஆமை 2025 ஜனவரியில் மகாராஷ்டிராவின் குஹாகர் கடற்கரையில் ஏறி முட்டையிட்டது. கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரைக்குச் சுமார் 3,500 கிலோமீட்டர். நம் வீட்டுப் பெண்கள் பிரசவத்துக்கு ஒரு தாய்வீட்டுக்குப் போவார்கள், இந்த அம்மாவுக்கு இரண்டு!

[திரை: விசைப்படகு, பின்னால் இழுவலை.]

இனி சாவு நடக்கும் இடம். ஆமைக்கு நுரையீரல்தான், செவுள் கிடையாது. சும்மா படுத்திருந்தால் மணிக்கணக்கில் மூச்சைப் பிடிக்கும். ஆனால் வலையில் மாட்டித் திமிறும்போது ஆக்சிஜன் மளமளவென்று தீரும். இழுவலையைக் கடலில் இறக்கினால் இரண்டு, மூன்று மணி நேரம் இழுத்துக்கொண்டே போவார்கள். அவ்வளவுதான்.

இதில் எனக்குத் தூக்கிவாரிப்போட்ட விஷயம் ஒன்று உண்டு. வலையிலிருந்து அசையாமல் விழும் ஆமை எல்லாமே செத்த ஆமை இல்லை! பாதி மயக்கம், மூச்சு தெரியாது, தொட்டாலும் அசையாது. 'செத்துப்போச்சு' என்று தூக்கிக் கடலில் போட்டால், நினைவில்லாமல் இருக்கும் ஆமை அப்போதுதான் உண்மையாக மூழ்கும். செய்ய வேண்டியது சுலபம். வயிறு கீழே இருக்கும்படி படகுத் தளத்தில் வைக்க வேண்டும். மல்லாத்தக் கூடாது. பின்பக்கத்துக்கு அடியில் கட்டையோ பழைய டயரோ வைத்து அரை அடியாவது உயர்த்தினால், நுரையீரலில் போன தண்ணீர் வழிந்துவிடும். நிழலில், ஈரத்துணி போட்டு விட வேண்டும், மூக்கை மூடக் கூடாது. சில ஆமைகள் நாலு மணி நேரத்தில் எழும், சில ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். மீன்பிடிக்கும் குடும்பத்து நண்பர் உங்களுக்கு இருந்தால் இந்த ஒரு நிமிடத்தை மட்டும் வெட்டி அனுப்புங்கள். மிச்ச வீடியோவைப் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை, என் வியூஸ் போகட்டும்.

ஆமை வலைக்குள் மாட்டாமலே இருக்கவும் வழி உண்டு. டெட் என்று சுருக்கமாகச் சொல்லும் ஆமை விலக்கி. வலையின் கழுத்துப் பகுதியில் சாய்வாகக் கட்டும் ஒரு கம்பிச் சட்டம். டீக்கடை வடிகட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். டீ கீழே இறங்கும், தூள் மேலே நிற்கும். இங்கே இறால் கம்பிகளுக்கு நடுவே புகுந்து மடிக்குப் போகும், ஆமை கம்பியில் முட்டி, சாய்வில் சறுக்கி, அங்கே விட்டிருக்கும் திறப்பு வழியாக வெளியே போகும்.

இதைக் கண்டுபிடித்தது ஆமைப் பிரியர் யாரும் இல்லை. அமெரிக்காவின் ஜார்ஜியாவில் சிங்கி பூன் என்ற இறால் மீனவர். 1960களில் அவர் பிரச்சினை ஆமையே இல்லை, சொறிமீன். ஜெல்லிமீன் என்று புத்தகத்தில் படித்திருப்பீர்கள். வலை நிறைய பந்து பந்தாகச் சொறிமீன் ஏறி, இறாலை நசுக்கி, வலையைக் கிழித்துக்கொண்டிருந்தது. எரிச்சலில் ஒரு கம்பிச் சட்டம் வைத்தார், சொறி வெளியே போனது. கூடவே ஆமையும் போனது! 1980களின் கடைசியில் அமெரிக்க அரசு டெட் கட்டாயம் என்றபோது, மீனவரே செய்த இந்த வடிவமும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. எனக்கு இந்தக் கதையில் பிடித்ததே இதுதான், ஆமையைக் காப்பாற்றிய சாமான் ஒரு மீனவரின் தொழில் எரிச்சலில் பிறந்தது.

அப்போ நம் படகுகளில் ஏன் இல்லை? மீனவரைத் திட்டி ஒரு வீடியோ போட்டுவிட்டு நகர்வது சுலபம். ஆனால் ஜார்ஜியாக்காரர் வலையில் வேண்டியது இறால் மட்டும். நம் விசைப்படகில் ஏறுவது கலப்பு மீன். இறாலோடு பெரிய மீனும் விற்றால்தான் டீசல் காசு தேறும். கம்பிக்கு நடுவே நுழையாத பெரிய மீன் ஆமையோடு சேர்ந்து வெளியே போய்விடும். குப்பை வந்து சட்டத்தை அடைக்கும். கொச்சியிலிருக்கும் மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் நம் வலைகளுக்கு ஏற்றமாதிரி இழப்பைக் குறைத்து ஒரு டெட் செய்திருக்கிறது. ஆனால் போகிற மீனுக்கு யார் காசு கொடுப்பது என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் கம்பிச் சட்டத்தை மட்டும் கையில் கொடுத்தால், அது படகின் ஒரு மூலையில் துருப்பிடிக்கும். இது என் கருத்து.

வெளியே இருந்தும் நெருக்கடி வந்தது. டெட் இல்லாமல் பிடித்த இறால் வேண்டாம் என்று அமெரிக்கா சொல்ல, இந்தியா, பாகிஸ்தான், மலேசியா, தாய்லாந்து நான்கும் சேர்ந்து உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டன. 1998இல் தீர்ப்பு வந்தது, அமெரிக்கா தடையைச் செயல்படுத்திய விதம் தப்பு என்று. இருந்தும் 2019இல் நம் கடல் இறாலுக்கு அமெரிக்கா மறுபடி கதவைச் சாத்தியது.

அப்புறம் காலண்டர். கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அது மீன் குஞ்சு பொரிக்கும் காலத்தை வைத்துப் போட்டது. தாய் ஆமைகள் கரையோரம் மொய்ப்பதோ ஜனவரியிலிருந்து மார்ச் வரை. தடை வரும்போது அம்மாக்கள் கிளம்பியிருப்பார்கள். அந்த மாதங்களில் காப்பு என்றால், விசைப்படகு கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் மீன்பிடிக்கக் கூடாது என்ற விதிதான். சுமார் 9 கிலோமீட்டர். ஆமைகள் கூடுவதும் அந்தப் பட்டைக்குள்தான். விதி இருக்கிறது, ராத்திரியில் எட்டிப் பார்க்கும் ரோந்துப் படகுதான் போதவில்லை.

நீங்கள் என்ன செய்யலாம்? கடலோரத்தில் வீடோ கடையோ இருந்தால், ஜனவரி முதல் மே வரை ராத்திரி கடலைப் பார்த்த விளக்கை அணையுங்கள். குஞ்சு வெளிச்சத்தை நோக்கித்தான் போகும், கடலென்று நினைத்து ரோட்டுக்கு வந்துவிடும். செத்த ஆமையைப் பார்த்தால் செல்ஃபி வேண்டாம், இடத்தையும் நேரத்தையும் குறித்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் நீதிமன்றத்திலும் பசுமைத் தீர்ப்பாயத்திலும் பேச முடிகிறது.

[திரை: விடியல். அதே கடற்கரை.]

அன்றைக்கு விடிய நாலரைக்கு நடையை முடித்தோம். மூன்று குழி, 331 முட்டை. செத்த ஆமை இரண்டு. ஒன்றின் பின்பக்கம் நாய் கடித்துக் கிழிந்திருந்தது, உள்ளே வெளிவராத முட்டைகள். கோல் வைத்திருந்த பையன் நோட்டில் இரண்டையும் தனித்தனிப் பத்தியில் எழுதிவிட்டு, டீ குடிக்கலாமா என்று கேட்டான். குடித்தோம்.

உங்கள் ஊர்க் கரையில் இந்த ஆமைக்கு என்ன பேர்? கமெண்டில் ஊர்ப் பேரோடு போடுங்கள், பழவேற்காட்டிலிருந்து கன்னியாகுமரிவரை ஒரு பட்டியல் சேர்க்க ஆசை. சொறிமீன் பற்றித் தனி வீடியோ கேட்டால் அதையும் போடுகிறேன்.